இங்கிலாந்துக் கிராமத்தில் கடையோ பப்போ எடுக்கிறீர்களா? வரிச் சலுகைகளைக் கேட்டுப் பெறும் வழி

லண்டனிலும் லெஸ்டரிலும் கடையில் வேலை செய்து தொழில் பழகிய நம்மவர்கள் சொந்தமாக ஒன்றை எடுக்க நினைக்கும்போது, நகரத்து வாடகையும், ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்காகக் கொடுக்கும் குட்வில் தொகையும் மலைக்க வைக்கின்றன. அதனால் சிலர் கிராமங்களைப் பார்க்கிறார்கள். ஊருக்கு ஒரே கடை, அதற்குள்ளேயே தபாலகம், மேல்மாடியில் குடியிருக்க வீடு. சில இடங்களில் பெற்றோல் நிலையம், சில இடங்களில் மூடிக் கிடக்கும் பப். கணக்குப் பார்க்கும்போது வாடகை, சரக்கு, சம்பளம், மின்சாரம் எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். தொழில் நடக்கும் கட்டடத்துக்குக் கட்ட வேண்டிய பிஸ்னஸ் ரேட்ஸ் என்ற வரியை மட்டும் “இப்ப இருக்கிறவர் கட்டுறதில்லையாம்” என்று விட்டுவிடுவார்கள்.

அவர் கட்டாமல் இருக்கலாம். அதற்காக உங்களுக்கும் பில் வராது என்று நம்பிவிடக் கூடாது. சலுகை, வரி கட்டும் ஆளின் நிலையையும் அந்த இடத்தில் நடக்கும் தொழிலையும் பார்த்துக் கொடுக்கப்படுவது. கை மாறியதும் புதியவர் தன் பெயரில் மறுபடி கேட்க வேண்டும். கேட்காதவர் முழுத் தொகைக்கான பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அப்படி ஒருவரும் நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. எல்லைக்கு அப்பால் கடை பார்க்கிறீர்கள் என்றால் இந்த எண்களை அங்கே பொருத்த வேண்டாம்.

முதலில் பில் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள்

வீடல்லாத ஒவ்வொரு கட்டடத்துக்கும் வி.ஓ.ஏ. எனப்படும் மதிப்பீட்டு அலுவலகம் ஒரு ரேட்டபிள் வேல்யூ வைத்திருக்கிறது. குறித்த ஒரு தேதியில் அந்த இடத்தைத் திறந்த சந்தையில் வாடகைக்கு விட்டிருந்தால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற மதிப்பு அது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய பட்டியல் நடைமுறையில் உள்ளது. அது 2024 ஏப்ரல் 1ஆம் தேதி நிலவரத்தை அடிப்படையாகக் கொண்டது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு நடக்கும்.

இந்த மதிப்பை அரசு அறிவிக்கும் மல்டிப்ளையரால் பெருக்கினால் ஓராண்டு வரி வரும். 2026-27இல் கடை, உணவகம், பப், விடுதி போன்றவற்றுக்கெனத் தனியாகக் குறைந்த மல்டிப்ளையர் வந்திருக்கிறது. மதிப்பு 51,000 பவுணுக்குக் கீழே இருந்தால் பவுணுக்கு 38.2 பென்ஸ். அதே அளவுள்ள வேறு தொழில் இடங்களுக்கு, ஒரு சிறு பட்டறைக்கோ அலுவலகத்துக்கோ, 43.2 பென்ஸ். ஆகவே 8,000 பவுண் மதிப்புள்ள கிராமக் கடைக்குச் சலுகை எதுவும் இல்லாவிட்டால் ஆண்டு வரி 3,056 பவுண். கோவிட் காலத்திலிருந்து ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்பட்டு வந்த கடை, விருந்தோம்பல் துறைக்கான தற்காலிகத் தள்ளுபடி (2025-26இல் அது 40 விழுக்காடு) 2026 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. பழைய கணக்குப் புத்தகத்தில் அந்தத் தள்ளுபடியோடு உள்ள தொகையைப் பார்த்து உங்கள் செலவைக் கணிக்காதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்: மதிப்பை நீங்களே பாருங்கள்

அரசின் gov.uk என்ற தளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் எந்தக் கடையின் ரேட்டபிள் வேல்யூவையும் இலவசமாகப் பார்க்கலாம். விற்பவரின் வாயையோ ஏஜென்டின் விளம்பரத் தாளையோ நம்பத் தேவையில்லை. அதோடு விற்பவரிடம் கடைசி பில்லின் நகலைக் கேளுங்கள். அவர் பெறும் சலுகையின் பெயர் அதில் இருக்கும். அதே சலுகை உங்களுக்கும் பொருந்துமா என்பதுதான் அடுத்து வரும் கேள்விகள் எல்லாம்.

பப் எடுப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கடைகளுக்குப் பரப்பளவை வைத்து மதிப்புப் போடுகிறார்கள். பப்புகளுக்கு, ஓரளவு திறமையுள்ள ஒருவர் அங்கே நடத்தினால் ஆண்டுக்கு எவ்வளவு வியாபாரம் ஆகும் என்று கணித்து, அதிலிருந்து மதிப்பை எடுக்கிறார்கள். 2024 வாக்கில் நன்றாக ஓடி, இப்போது படுத்துப்போன பப் என்றால் மதிப்பு மட்டும் அந்த நல்ல காலத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கும். மதுபான லைசென்ஸுக்கான ஆண்டுக் கட்டணமும் இதே மதிப்பின்படிதான். 4,300 பவுண் வரை 70 பவுண், அதற்கு மேல் 33,000 வரை 180 பவுண்.

மேல்மாடியில் குடியிருந்தால் அந்தப் பகுதிக்கு, கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி வாங்கும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸ் தனியாக வரும். இரண்டு பில் வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம், அது சரிதான். வீட்டுப் பகுதியை ரேட்டபிள் வேல்யூவில் சேர்த்திருந்தால்தான் தவறு.

கிராமச் சலுகை: ஊருக்கு ஒன்றே ஒன்று என்றால்

எல்லாச் சலுகைகளிலும் கிராமத்துக்கு வருபவருக்கு அருமையானது இதுதான். பலருக்குத் தெரியாததும் இதுதான். 3,000 பேருக்கு மேற்படாத மக்கள்தொகை உள்ள ஒரு கிராமக் குடியிருப்பில், அந்த ஊரின் ஒரே கடையாகவோ ஒரே தபாலகமாகவோ உங்கள் இடம் இருந்து, அதன் மதிப்பு 8,500 பவுணுக்கு மேற்படாவிட்டால், வரி முழுவதும் தள்ளுபடி. ஊரின் ஒரே பப், ஒரே பெற்றோல் நிலையம் என்றால் 12,500 பவுண் வரை அதே முழுத் தள்ளுபடி. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதித் தள்ளுபடியாகத் தொடங்கிய சலுகை இப்போது முழுமையாகியிருக்கிறது.

இதில் ஒவ்வொரு சொல்லையும் கவுன்சில் எடைபோட்டுத்தான் பார்க்கும். ஒவ்வொரு கவுன்சிலும் தன் எல்லைக்குள் எவை கிராமக் குடியிருப்புகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எல்லைக்கோடு எந்தத் தெருவோடு முடிகிறது என்று கேளுங்கள். பக்கத்து ஊரோடு ஒட்டி வளர்ந்த கிராமங்களில் உங்கள் கடை கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதிலேயே எல்லாம் தீர்ந்துவிடும். நிதியாண்டு தொடங்குவதற்கு முந்தைய டிசம்பர் 31ஆம் தேதி மக்கள்தொகைதான் கணக்கு. ஊருக்கு வெளியே நூறு புதிய வீடுகள் கட்டுகிறார்கள் என்றால் கடைக்கு வாடிக்கையாளர்கள் கூடுவார்கள். ஊர் 3,000ஐத் தாண்டினால் சலுகை போய்விடும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடை என்றால் எல்லாக் கடையும் இல்லை. மனிதர் உண்ணும் உணவுப் பொருளும் வீட்டுச் சாமானும் இரண்டுமே விற்கும் பொதுக்கடையாக இருக்க வேண்டும். மிட்டாய், சொக்லேட் வகைகள் உணவாகக் கணக்கில் வராது. பால், பாண், அரிசி, மரக்கறி ஒரு பக்கம், சவர்க்காரம், பல்ப், துடைப்பம் ஒரு பக்கம் என்று இருந்தால் கவலையில்லை. லாபம் அதிகம் என்று அலமாரி முழுக்க மதுவும் வேப் எனும் மின்சிகரெட்டும் இனிப்பும் அடுக்கிவிட்டுப் பொதுக்கடைச் சலுகை கேட்டால், கேள்வி வரும். ஊர் மக்களுக்கு அன்றாடத் தேவைக்கு ஓர் இடம் இருக்கட்டும் என்று கொடுக்கப்படும் சலுகை இது. அந்தத் தேவையை உங்கள் அலமாரி நிறைவேற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

கடையும் தபாலகமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் தொல்லை இல்லை. ஆனால் ஊரில் இரண்டாவது பொதுக்கடை திறந்தால் “ஒரே கடை” என்ற தகுதி போய்விடும். கடை எடுக்கும்போது ஊருக்குள் ஒரு நடை நடந்து, காலியாகக் கிடக்கும் இடங்களைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

சிறுதொழில் சலுகை: இரண்டாவது கடை உள்ளவர்கள் கவனம்

கிராமச் சலுகை பொருந்தாதவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது சிறுதொழில் சலுகை. இது நகரம், கிராமம் எல்லாவற்றுக்கும் பொது. மதிப்பு 12,000 பவுண் வரை இருந்தால் வரி இல்லை. 12,001 முதல் 15,000 வரை சலுகை படிப்படியாகக் குறையும். 13,500 என்றால் பாதி, 14,000 என்றால் மூன்றில் ஒரு பங்கு, 15,000ஐத் தொட்டால் ஒன்றும் இல்லை.

ஆனால் அடிப்படை நிபந்தனை, உங்களிடம் ஒரே ஒரு தொழில் இடம்தான் இருக்க வேண்டும். இரண்டாவது இடம் இருந்தும் சலுகை தொடர வேண்டுமானால், மற்ற இடங்கள் ஒவ்வொன்றின் மதிப்பும் 2,899 பவுணுக்கு மேற்படக் கூடாது, எல்லாவற்றின் கூட்டும் 20,000க்குள் இருக்க வேண்டும் (லண்டனில் 28,000). ஒரு சாமான் அறைக்கு இது போதும். இன்னொரு கடைக்குப் போதாது.

நம்மவர்கள் இடறுவது இங்கேதான். குரோய்டனில் ஒரு கடை வைத்திருப்பவர் நோர்ஃபோக்கில் ஒரு கிராமக் கடையை எடுக்கிறார் என்று வையுங்கள். கிராமக் கடையின் மதிப்பு 7,000. பழைய உரிமையாளர் சிறுதொழில் சலுகையில் ஒரு பென்னிகூடக் கட்டாமல் இருந்தார். இவருக்கு இரண்டு கடை, அதனால் அந்தச் சலுகை புதிய கடைக்குக் கிடைக்காது. குரோய்டன் கடை இதுவரை பெற்ற சிறுதொழில் சலுகை உடனே போகாது. முன்பு ஓராண்டு அவகாசம் இருந்தது, 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அதை மூன்று ஆண்டாக நீட்டினார்கள். அந்த அவகாசம் ஏற்கெனவே இருந்த கடைக்குத்தான், புதியதற்கு அல்ல.

இவருக்கு வழி கிராமச் சலுகைதான். அதில் “ஒரே ஒரு இடம்” என்ற நிபந்தனை கிடையாது. ஊருக்கு ஒரே கடையாக இருந்தால் போதும், உரிமையாளருக்கு வேறு ஊரில் நாலு கடை இருந்தாலும் தடையில்லை. சிறுதொழில் படிவத்தை நிரப்பி, மறுப்புக் கடிதம் வந்ததும் விதியே என்று முழு வரியையும் கட்டத் தொடங்கினால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வீணாகப் போகும். கவுன்சிலுக்கு எழுதும்போது கிராமச் சலுகையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பப்புக்கும் இதே வேறுபாடு காசாகத் தெரியும். 12,500 மதிப்புள்ள ஊரின் ஒரே பப்புக்குச் சிறுதொழில் சலுகை சுமார் 83 விழுக்காடு, கிராமச் சலுகை 100 விழுக்காடு.

பப் எடுப்பவர்களுக்கு

2026 மறுமதிப்பீட்டில் பல பப்புகளின் மதிப்பு ஏறியதால் எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2026 ஜனவரியில் அரசு இறங்கி வந்தது. இங்கிலாந்தின் பப்புகளுக்கும் நேரடி இசை அரங்குகளுக்கும் 2026 ஏப்ரல் முதல் பில்லில் 15 விழுக்காடு கழிவு, அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு விலைவாசிக்கு மேல் ஏறாத வரி. 20,000 பவுண் மதிப்புள்ள ஒரு பப்புக்கு 38.2 பென்ஸ் கணக்கில் 7,640 பவுண் வரும். 15 விழுக்காடு கழிந்தால் 6,494. மறுமதிப்பீட்டால் திடீரென ஏறியவர்களுக்குப் படிப்படியாக ஏற்றும் இடைக்கால ஏற்பாடும் உண்டு. அது பில்லிலேயே கழிக்கப்பட்டு வரும்.

பப்பை எடுத்து நம் சாப்பாட்டைப் போடலாம் என்று நினைப்பவர்கள் பலர். கொத்துறொட்டியும் ஆட்டுக்கறியும் பப்பில் விற்கலாம், அதில் தடையேதும் இல்லை. ஆனால் எதைப் பப் என்று ஏற்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். யாரும் உள்ளே வரலாம், சாப்பாடு வாங்காமலே ஒரு பைன்ட் குடித்துவிட்டுப் போகலாம், பாரில் நின்று வாங்கலாம் என்றிருக்க வேண்டும். பாரை எடுத்துவிட்டு, மேசை பதிவு செய்து உட்கார்ந்து சாப்பிடும் இடமாக மாற்றிவிட்டால் அது உணவகம். குறைந்த மல்டிப்ளையர் உணவகத்துக்கும் உண்டு. 15 விழுக்காட்டுக் கழிவும் “ஒரே பப்” என்ற கிராமச் சலுகையும் கைவிட்டுப் போகும். உள்ளலங்காரத்துக்கு ஆளைக் கூப்பிடும் முன் இதைத் தீர்மானியுங்கள்.

விண்ணப்பம்

சாவி கைக்கு வந்த அன்றே கவுன்சிலுக்குத் தெரிவியுங்கள். சிறிய ஊர்களில் இது மாவட்டக் கவுன்சில் அல்லது ஒருங்கிணைந்த கவுன்சில். ஊர் மட்டத்தில் கூடும் பரிஷ் கவுன்சில் இதற்குப் பொறுப்பில்லை. லீஸ் தொடங்கும் தேதி, வரி கட்டப்போகும் பெயர் (உங்கள் பெயரா, லிமிடெட் கம்பெனியா), என்ன தொழில், வேறு எங்காவது இடம் உண்டா என்பவற்றைக் கேட்பார்கள். லீஸ் நகலை இணையுங்கள். கிராமச் சலுகைக்கு, என்ன என்ன விற்கிறீர்கள் என்ற சிறு பட்டியலும் கடையின் உள்ளே எடுத்த இரண்டு படமும் சேர்த்தால் கேள்விகள் குறையும். எந்தத் தேதியிலிருந்து சலுகை வேண்டும் என்பதை எழுத மறக்காதீர்கள்.

முடிவு வரும்வரை வந்த பில்லைக் கட்டாமல் ஒதுக்கி வைக்கக் கூடாது. நினைவூட்டல், நீதிமன்ற அழைப்பு என்று அது தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும், கூடவே செலவும் ஏறும். வழக்கமாகப் பத்துத் தவணை. பன்னிரண்டாகப் பிரிக்கக் கேட்கலாம், கேட்டால் கொடுப்பார்கள். சலுகை கிடைத்த பின் கூடுதலாகக் கட்டியது உங்களுக்குத் திரும்ப வரும்.

இந்த விண்ணப்பங்களுக்குக் கட்டணமே கிடையாது. புதிதாகக் கடை எடுத்தவர்களைத் தொலைபேசியில் பிடித்து, “உங்கள் ரேட்ஸைக் குறைத்துத் தருகிறோம், மிச்சத்தில் இத்தனை பங்கு எங்களுக்கு” என்பவர்களுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே ஒரு பக்கத்தில் நிரப்பக்கூடிய படிவத்துக்கு ஆண்டுக்கணக்கில் பங்கு கொடுக்க நேரும்.

எதிலும் அடங்காதவர்களுக்கு

ஊரில் இரண்டு கடை, அல்லது கடையின் மதிப்பு 8,500க்கு மேல், அல்லது உங்கள் தொழில் பட்டியலிலேயே இல்லாத ஒன்று. அப்போதும் கதவு முழுதாக மூடவில்லை. கிராமத்தில் உள்ள எந்தத் தொழிலுக்கும், மதிப்பு 16,500 பவுணுக்கு மேற்படாவிட்டால், ஊர் மக்களுக்கு அது நன்மை செய்கிறது என்று கருதினால் கவுன்சில் தன் விருப்பப்படி தள்ளுபடி கொடுக்கலாம். கடும் நெருக்கடியில் இருப்பவருக்கென்று தனியாக ஒரு சலுகையும் சட்டத்தில் உண்டு. இரண்டும் கவுன்சிலின் கையில். செலவில் ஒரு பங்கு உள்ளூர் வரிப்பணம் என்பதால் யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

இதற்குப் படிவத்தைவிடக் கடிதம் முக்கியம். “எனக்குக் கஷ்டம்” என்று மட்டும் எழுதினால் போதாது. அடுத்த கடை எத்தனை மைல், பஸ் எத்தனை மணிக்கு ஒரு முறை, கார் ஓட்டாத முதியவர்கள் யார் யாருக்கு வீட்டுக்கே சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள், பணம் எடுக்க ஊரில் வேறு இடம் உண்டா, எத்தனை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறீர்கள் என்று ஊரின் கண்ணால் எழுதுங்கள். இரண்டு ஆண்டுக் கணக்கை இணையுங்கள். பரிஷ் கவுன்சிலிடம் ஓர் ஆதரவுக் கடிதம் வாங்குங்கள். அவர்களால் தள்ளுபடி கொடுக்க முடியாது, ஆனால் ஊருக்கு இந்தக் கடை வேண்டும் என்று சொல்ல முடியும். வார்டு கவுன்சிலர் கடைக்கு வரும்போது பேசி வையுங்கள். கிராமத்தில் இரண்டு ஆண்டு முகம் காட்டி, பெயர் சொல்லிப் பேசிப் பழகியவருக்கு இந்தக் கடிதங்கள் எளிதாகக் கிடைக்கும்.

பண்ணை நிலம் வாங்குபவர்களுக்கு

நிலத்தில் இறங்கும் நம்மவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். வேளாண் நிலத்துக்கும் வேளாண்மைக்கு மட்டுமே பயன்படும் கட்டடங்களுக்கும் பிஸ்னஸ் ரேட்ஸ் அறவே கிடையாது. உழுநிலம், மேய்ச்சல் நிலம், காய்கறித் தோட்டம், நாற்றுப் பண்ணை, பழத்தோட்டம் எல்லாம் இதில் அடங்கும். கோழி வளர்ப்புக்கு நிலம் 0.10 ஹெக்டேருக்கு மேல் இருக்க வேண்டும். விண்ணப்பமும் தேவையில்லை, பட்டியலிலேயே சேர்க்க மாட்டார்கள்.

கிளைத்தொழில் தொடங்கியதும் நிலை மாறும். பண்ணைக் கடை, தேநீர்க் கடை, கூடாரம் போடும் இடம், பிறர் குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் லாயம், வாடகைக்கு விட்ட பழைய களஞ்சியம் எல்லாம் தனித்தனியாக மதிப்பிடப்படும். மதிப்புக் குறைவாக இருந்தால் சிறுதொழில் சலுகை காப்பாற்றும். விடுமுறை வீடு என்றால் ஆண்டில் 140 இரவாவது வாடகைக்குத் தயாராக இருந்து, 70 இரவாவது உண்மையில் வாடகைக்குப் போயிருந்தால்தான் பிஸ்னஸ் ரேட்ஸுக்குள் வரும். இல்லாவிட்டால் கவுன்சில் டாக்ஸ்.

வருமான வரியில், ஒரு பருவம் விளைந்து ஒரு பருவம் பொய்க்கும் தொழில் என்பதால், லாபத்தை இரண்டு ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோ சராசரி போட்டுக் கட்டலாம். வயலில் ஓடும் வாகனத்துக்கு, வரி குறைந்த சிவப்பு டீசல் தொடர்ந்து அனுமதி. 2022இல் பல தொழில்களிடமிருந்து அதைப் பறித்தபோதும் வேளாண்மைக்கு விட்டுவைத்தார்கள்.

வாரிசு வரியில்தான் பெரிய மாற்றம். நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2024 அக்டோபரில் அறிவித்தபடி வேளாண், தொழில் சொத்துக்கு இருந்த முழு விலக்குக்கு 10 லட்சம் பவுண் உச்சவரம்பு வர இருந்தது. விவசாயிகள் டிராக்டர்களோடு லண்டனில் திரண்டார்கள். 2025 டிசம்பரில் உச்சவரம்பை 25 லட்சமாக உயர்த்தினார்கள். 2026 ஏப்ரல் 6 முதல் ஒருவருக்கு 25 லட்சம் பவுண் வரையான வேளாண், தொழில் சொத்துக்கு முழு விலக்கு. அதற்கு மேற்பட்டதற்குப் பாதி விலக்கு, அதாவது நடைமுறையில் 20 விழுக்காடு வரி. கணவனோ மனைவியோ பயன்படுத்தாத பங்கு மற்றவருக்குப் போகும். நீங்களே பயிர் செய்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, குத்தகைக்கு விட்டால் ஏழு ஆண்டு உங்களிடம் இருந்திருக்க வேண்டும். கடையும் பப்பும் இயங்கும் தொழில் என்ற முறையில் இதே வரம்புக்குள் வரும் என்பதால், சொத்துச் சேர்ந்தவர்கள் உயில் எழுதும்போது சொலிசிட்டரிடம் இதைக் கேளுங்கள்.

மதிப்பே தவறு என்று தோன்றினால்

இடிந்துபோன கொட்டகையைச் சேர்த்திருக்கிறார்கள், பரப்பளவு தவறு, வீட்டுப் பகுதியைக் கடையோடு சேர்த்திருக்கிறார்கள் என்றெல்லாம் இருந்தால் கவுன்சிலிடம் முறையிட்டுப் பயனில்லை. வி.ஓ.ஏ.வின் இணையக் கணக்கில் முதலில் விவரங்களைச் சரிபார்க்கும்படி கேட்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு முடிந்த பிறகும் மதிப்பில் உடன்பாடு இல்லை என்றால் நான்கு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம், அதற்கும் மேல் மதிப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. எல்லையோரத்தில் நிற்பவர்களுக்கு இது வீண் வேலை இல்லை. 8,700இல் நிற்கும் ஊரின் ஒரே கடை, அளவு திருத்தப்பட்டு 8,400க்கு வந்தால் கிராமச் சலுகைக்குள் நுழைந்துவிடும். அதே நேரம் மறுபார்வையில் மதிப்பு ஏறவும் கூடும். அளவுநாடாவோடு கடையை நீங்களே ஒரு முறை அளந்து, வி.ஓ.ஏ. தளத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வித்தியாசம் உங்கள் பக்கம் இருந்தால் விண்ணப்பியுங்கள்.